உசாத்துணையும் உண்மையும்: தமிழ் ஆய்வுக் கட்டுரைகளிற் சான்று காட்டும் முறை பற்றிய ஒரு நோக்கு

தமிழில் வெளிவரும் ஆய்வுக் கட்டுரைகளை மதிப்பிடுவோர் பெரும்பாலும் அவற்றின் முடிவுகளையே எடுத்து விவாதிக்கின்றனர். அம்முடிவுகள் எவற்றின்மீது நிறுவப்பட்டுள்ளன என்பதைக் காட்டும் அடிக்குறிப்புக்களும் உசாத்துணைப் பட்டியலும் கட்டுரையின் வாலெனக் கருதப்பட்டு விமர்சகரின் கண்ணிலிருந்து தப்பிவிடுகின்றன. ஆசிரியர் அவற்றைக் கடைசி நாளில் எழுதுகிறார். அச்சகத்தார் அவற்றைச் சிறிய எழுத்திற் கோக்கின்றனர். வாசகர் அப்பக்கங்களைப் பாராமலே இதழை மூடிவிடுகிறார். ஆயின் ஒரு கட்டுரையின் நேர்மையை அறிய விரும்புவோர் முதலிற் பார்க்கவேண்டிய இடம் அதுவே.

இவ்விடயத்தில் நம்மிடையே இரு போக்குகள் நிலவுகின்றன. சான்று காட்டுவது மேல்நாட்டுச் சம்பிரதாயம், தமிழ்ப் புலமைக்கு அது வேண்டுவதில்லை என்பது ஒன்று. “பழைய நூலொன்று கூறும்”, “அறிஞர் பலர் கருதுவர்” என்று எழுதிச் செல்வோர் இவ்வழியினர். ஏதேனும் ஓர் ஆங்கில ஆய்விதழின் விதிக்கோவையை எடுத்து, நூல்களுக்கும் பெயர்களுக்கும் அது பொருந்துமா என்று பாராமல் அப்படியே பூட்டிவிடுவது மற்றையது. முன்னவர் வாசகரை வழியில்லாக் காட்டில் விடுகின்றனர்; பின்னவர் வேறோர் ஊருக்குரிய வழிகாட்டிப் பலகையை நம் ஊரில் நாட்டுகின்றனர். இரு போக்குகளும் ஒரு கேள்வியை எழுப்பத் தவறிவிடுகின்றன. சான்று காட்டுதல் எதற்காக என்பதே அக்கேள்வி.

மரபில் மேற்கோள்

சான்று காட்டுதல் தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியத்து மரபியல், நூலை முதனூல் வழிநூல் எனப் பிரித்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்துகிறது. ஒரு நூல் இன்னொரு நூலுக்கு எவ்வகையிற் கடன்பட்டுள்ளது என்பதைச் சொல்லியே ஆகவேண்டும் என்ற எண்ணம் இப்பாகுபாட்டினுள் அடங்கியுள்ளது. நன்னூலார் பிறர் கருத்தினை எதிர்கொள்ளும் நிலைகளை ஏழாக வகுத்தார். உடன்படலாம்; மறுக்கலாம்; முதலில் உடன்பட்டுப் பின்னர்க் களையலாம்; இருவர் முரண்படுமிடத்து ஒருவர் பக்கம் துணியலாம். எவ்வாறாயினும் தன் கருத்து எது, பிறர் கருத்து எது என்ற எல்லை தெளிவாயிருத்தல் வேண்டும். இன்று நாம் ஆய்வுநெறி என்று போற்றுவதன் கரு இதுவே.

இம்மரபிற் குறையும் உண்டு. இலக்கண நூலார் ‘என்ப’, ‘என்மனார்’ என்று முன்னோரைச் சுட்டினரேயன்றி அம்முன்னோர் யாவர் என்று பெயர் கூறவில்லை. உரைகாரரும் பல இடங்களில் “ஒரு சாரார்”, “என்பாரும் உளர்” என்று அமைந்தனர். கற்போர் யாவரும் ஒரே நூற்றொகுதியை நெஞ்சில் வைத்திருந்த காலத்தில் அது போதுமானதாயிருந்தது. ஓரடியைச் சொன்னால் எந்நூல், எப்பாட்டு என்று மாணாக்கன் அறிவான். அந்தக் கல்விச் சூழல் குலைந்தபின் அதே மேற்கோள்கள் புதிர்களாயின.

அப்புதிர்களை விடுவிக்கும் பொறுப்புப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர்மேல் விழுந்தது. 1887இல் சீவகசிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், உரைகளில் வரும் மேற்கோள்கள் எந்நூலுக்குரியவை என்று தேடுவதற்குச் செலவிட்ட உழைப்பு பெரிது. தேடியும் இடம் தெரியாதவற்றை அவர் ‘விளங்கா மேற்கோள்’ எனப் பிரித்து நிரல்படுத்தினார். தெரியாததைத் தெரியாது என்று அச்சிற் போடும் துணிவு அவருக்கிருந்தது. மூலம் தெரியாத கூற்றுக்கு ஏதேனும் ஒரு மூலத்தைப் பொருத்திவிடும் இக்காலக் கட்டுரையாளர் அப்பட்டியலை ஒருமுறை பார்ப்பது நன்று.

சிலப்பதிகாரத்துக்கு உரையெழுதிய அடியார்க்குநல்லாரின் முறை வேறு. இசை, நாடகம் பற்றிய செய்திகளுக்குத் தாம் பயன்படுத்திய நூல்களை அவர் பெயர் சுட்டியே கூறினார். இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல் என்பன அவை. இவற்றுட் பெரும்பாலானவை பிற்காலத்தார் கைக்கு எட்டவில்லை. எனினும் அவர் பெயர் கூறியதனால், அத்தகைய நூல்கள் இருந்தன என்பதும் அவற்றின் பொருள் இன்னது என்பதும் நமக்குத் தெரியவந்தன. விபுலாநந்த அடிகளின் ‘யாழ்நூல்’ 1947இல் வெளிவருவதற்கு அவ்வுரைச் செய்திகள் பெரிதும் உதவின. பஞ்சமரபு 1970களில் அச்சேறியபோது, அது எதுவென்று இனங்காணவும் அவ்வுரைக் குறிப்பே கைகொடுத்தது. பெயரைச் சொல்லாது “இசைநூலார் கூறுவர்” என்று மட்டும் அவர் எழுதியிருந்தால் இவ்வளவும் நடந்திராது.

பதிப்பைச் சுட்டாத குறிப்பு

ஒரு நூலின் பெயரைச் சுட்டினால் மட்டும் போதுமா, பதிப்பையும் ஆண்டையும் ஏன் சுட்டவேண்டும் என்று மாணவர் கேட்பதுண்டு. இதற்கு நம் பதிப்பு வரலாறே விடை கூறும்.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் வெளியிட்டார். செல்லரித்த ஏடுகளோடு போராடி அவர் செய்த அப்பணியின் பெருமையை எவரும் குறைத்துக் கூற இயலாது. ஆயின் அப்பதிப்பில் மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் ஆகிய பின்னான்கு இயல்களுக்கும் நச்சினார்க்கினியர் பெயரால் வெளிவந்த உரை உண்மையிற் பேராசிரியருடையது. இதனைப் பின்னர் ரா. இராகவையங்கார் ‘செந்தமிழ்’ இதழில் எடுத்துக்காட்டினார். அதன்பின் வந்த பதிப்புக்கள் அவ்வுரையைப் பேராசிரியர் பெயராலேயே வெளியிட்டன.

இப்பொழுது ஓர் ஆய்வாளர் “மெய்ப்பாட்டியல், நச்சினார்க்கினியர் உரை” என்று மட்டும் குறிப்பெழுதுகிறார் என்க. அவர் பயன்படுத்தியது எப்பதிப்பு? 1885ஆம் ஆண்டுப் பதிப்பாயின், அவர் எடுத்துக்காட்டுவது பேராசிரியரின் கருத்து. அதனைக் கொண்டு நச்சினார்க்கினியரின் அழகியற் கொள்கை என்று ஒரு முடிவினை அவர் கட்டினால், அக்கட்டடம் மற்றொருவர் நிலத்தில் எழுந்ததாகும். பதிப்பாசிரியர் பெயரும் ஆண்டும் குறிப்பில் இருந்தால் வாசகர் பிழையை உடனே கண்டுகொள்வார். இல்லையேல் பிழை அறியப்படாமலே வழிவழிச் செல்லும்.

இதே தொல்காப்பியத்தின் நூற்பாக்களை உரைகாரர் எல்லோரும் ஒரே வகையிற் பிரித்தாரல்லர். ஆகவே நூற்பா எண்ணும் உரைக்கு உரை வேறுபடும். திருக்குறளிலும் ஓரதிகாரத்தினுட் குறள்களின் வரிசை மணக்குடவர் உரையில் ஒருவாறும் பரிமேலழகர் உரையில் வேறொருவாறும் அமைந்துள்ளது. எண்ணை மட்டும் தருவோர், எவ்வுரையின் எண் என்பதனைச் சொல்லாதபோது பாதி முகவரியையே தருகின்றனர்.

இறக்குமதியான சட்டை

இன்று ஆய்விதழ்கள் வேண்டும் வடிவங்கள் பலவாகும். அவை யாவும் ஏதோவொரு துறையின் தேவையிலிருந்து எழுந்தவை. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறியிற் காட்டும் முறையின் தோற்றத்தை, 1881இல் அமெரிக்க விலங்கியலாளர் எட்வேர்ட் லோறன்ஸ் மார்க் வெளியிட்ட கட்டுரையொன்றுடன் தொடர்புபடுத்துவர். அறிவியலில் எவர் முதலிற் கண்டார் என்பதும், எது அண்மைக்காலத்தது என்பதும் முக்கியம். எனவே ஆண்டு முன்னே நின்றது. மருத்துவ இதழாசிரியர்கள் 1978இல் வன்கூவர் நகரிற் கூடி வகுத்த முறை, சான்றுகளை வரிசை எண்ணாற் சுட்டுவது; குறுகிய கட்டுரைகளுக்கு அது ஏற்றது. 1906இல் முதன்முதல் வெளிவந்த சிக்காகோப் பல்கலைக்கழக அச்சகத்தின் கையேடு அடிக்குறிப்பு முறைக்கு நன்கறியப்பட்டது. மூலத்தோடு விளக்கமும் எழுதவேண்டிய வரலாற்றாசிரியர் அம்முறையையே விரும்புகின்றனர்.

இவற்றுள் முதலாவது முறையைப் பழந்தமிழ் நூல்களுக்கு அப்படியே பூட்டினால் “தொல்காப்பியர், 1885” என்றும் “திருவள்ளுவர், 1969” என்றும் எழுத நேரிடும். நகைப்புக்குரிய இத்தகைய குறிப்புக்களை நம் ஆய்வேடுகளிற் காணலாம். ஆண்டு பதிப்புக்குரியது, பதிப்பு பதிப்பாசிரியருக்குரியது. நூலாசிரியரின் பெயருக்குப் பக்கத்தில் அதனை நிறுத்துவது காலத்தையே புரட்டிவிடுகிறது. பழநூல்களை நூற்பெயர், பாடல் அல்லது நூற்பா எண் என்பவற்றாற் கட்டுரையினுட் சுட்டி, பயன்படுத்திய பதிப்பினைப் பட்டியலிற் பதிப்பாசிரியர் பெயரின்கீழ் முழுமையாகத் தருவதே தக்கது.

பெயர்களின் சிக்கல் இதனினும் பெரியது. மேல்நாட்டு முறை குடும்பப்பெயரை முன்னிறுத்தி, சொந்தப் பெயரை முதலெழுத்தாகச் சுருக்குகிறது. தமிழருக்குப் பெரும்பாலும் குடும்பப்பெயர் இல்லை. நாம் முதலெழுத்தாகச் சுருக்குவது தந்தையின் பெயரை. சில வேளை ஊரின் பெயரையும் சேர்த்து. சி. வை. என்பதில் ‘சி’ சிறுப்பிட்டி, ‘வை’ வைரவநாதபிள்ளை. உ. வே. என்பதில் ‘உ’ உத்தமதானபுரம், ‘வே’ வேங்கடசுப்பையர். இம்முதலெழுத்துக்களை வேண்டாத சுமையென்று கழித்துவிட்டால் ஆளை இனங்காணும் வழியே அடைபட்டுவிடுகிறது.

ஈழத்து வாசகர் நன்கறிந்த ஓர் எடுத்துக்காட்டுப் போதும். இலங்கைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியராயிருந்த க. கணபதிப்பிள்ளை (1903–1968) ஒருவர். யாழ்ப்பாணத்துப் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை (1899–1986) மற்றவர். இருவரும் ஒரே காலத்தில் எழுதியவர்கள். கல்விப் பின்னணியிலும் இலக்கிய நோக்கிலும் வேறுபட்டவர்கள். “கணபதிப்பிள்ளை” என்ற பெயரையும் ஓர் ஆண்டையும் மட்டும் தரும் குறிப்பு யாரைச் சுட்டுகிறது? மொழியியலில் ஆழ்ந்த பேராசிரியரின் கூற்று, சைவ மரபிலூன்றிய பண்டிதமணியின் தலையில் ஏற்றப்படலாம். தமிழ்ப் பெயருக்கு முன்னுள்ள எழுத்து அலங்காரமன்று. அது பெயரின் உறுப்பு.

ஆங்கில எழுத்துக்கு மாறும்போது சிக்கல் மேலும் கூடுகிறது. தமிழில் க. கைலாசபதி, கா. சிவத்தம்பி என்று குறிலும் நெடிலுமாய் வேறுபட்டு நிற்கும் முதலெழுத்துக்கள் ஆங்கிலத்தில் ஒரே ‘கே’ ஆகிவிடுகின்றன. சிவத்தம்பி என்ற பெயரோ, அவர் தாமே எழுதியவாறு எழுதினால் ‘எஸ்’ என்ற எழுத்தின் கீழும், சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியின் ஒலிபெயர்ப்பு முறையைப் பின்பற்றினால் ‘சி’ என்ற எழுத்தின் கீழும் இடம்பெறும். ஒரே பட்டியலில் ஒருவரே இரு ஆசிரியராகத் தோன்றும் விந்தையும் நிகழ்வதுண்டு. சேவியர் தனிநாயகம் அடிகளைச் சேவியர் என்று ஒருவரும், தனிநாயகம் என்று மற்றொருவரும், அடிகள் என்று இன்னொருவரும் நிரற்படுத்தினால், நூலைத் தேடும் மாணவன் மூன்று கதவுகளைத் தட்டவேண்டியிருக்கும்.

அகரநிரலிலும் முடிவு காணவேண்டியவை உள. நம் பல்கலைக்கழகத்துக்கு அரணாய் நிற்கும் மலையின் பெயரையே எடுத்துக்கொள்வோம். ஹந்தானை என்று எழுதினால் அது கிரந்த எழுத்துக்களோடு பட்டியலின் இறுதிக்குச் செல்லும். அந்தானை என்று எழுதினால் முதலிடத்துக்கு வரும். எது சரி என்பதைவிட, ஒரு கட்டுரையினுள் ஒரே முறை பின்பற்றப்பட்டதா என்பதே முக்கியம்.

காலக் குறிப்பிலும் இத்தகைய கவனம் வேண்டும். பழைய அச்சு நூல்கள் பல ‘விரோதி’, ‘பிரபவ’ என்று அறுபதாண்டு வட்டத்தின் பெயரையே தருகின்றன. விரோதி 1889இலும் வந்தது, 1949இலும் வந்தது, 2009இலும் வந்தது. சித்திரையில் தொடங்கும் அவ்வாண்டு இரு கிறித்தவ ஆண்டுகளிற் பரவுவது வேறு. நூலில் உள்ளவாறே ஆண்டுப் பெயரைத் தந்து, ஆய்வாளர் துணிந்த கிறித்தவ ஆண்டினைப் பகர அடைப்பினுள் தருவது பொருத்தமாகும். அவ்வடைப்பு, இது நூல் கூறுவது, இது என் துணிபு என்ற எல்லையைக் காட்டும். நன்னூலார் வேண்டிய எல்லையும் அதுவே.

கண்டதும் கேட்டதும்

வடிவக் குறைகளைத் திருத்துவது எளிது. ஒழுக்கக் குறை அவ்வாறன்று. தாம் பாராத மூலத்தைப் பார்த்ததுபோற் காட்டுவது நம் ஆய்வுலகில் ஆழ வேரூன்றிய வழக்கமாகும். ஓர் ஆய்வாளர் அரிய இதழொன்றிலிருந்து ஒரு பகுதியை எடுத்துத் தம் நூலிற் பக்க எண்ணுடன் தருகிறார். அடுத்து வருபவர் அந்நூலைப் படித்து, அதன் அடிக்குறிப்பினை அப்படியே பெயர்த்தெழுதி, இடையிலுள்ளவரின் பெயரை விட்டுவிடுகிறார். முதலாமவரின் பக்க எண்ணில் ஓர் அச்சுப்பிழை இருந்தால் அது இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் தொற்றுகிறது. ஒரே பிழை பல ஆய்வேடுகளிற் காணப்படுமாயின், அங்கே மூலத்தைத் திறந்தவர் ஒருவரே என்பது தெளிவு.

இன்னார் நூலில் எடுத்தாளப்பட்டவாறு என்று ஒரு தொடரைச் சேர்ப்பதால் எவருடைய புலமையும் குன்றிவிடாது. மாறாக, நெடுந்தூரம் சென்று ஏட்டைப் புரட்டியவரின் உழைப்புக்கு உரிய இடம் கிடைக்கிறது. வாசகருக்கும் மூலத்துக்கும் இடையே எத்தனை கைகள் உள்ளன என்பதும் புலப்படுகிறது.

‘மேலது’ என்ற சிறுசொல்லும் கவனத்துக்குரியது. முன்குறிப்பில் உள்ள நூலையே மீண்டும் சுட்டுவதற்கு இது பயன்படுகிறது. கட்டுரை திருத்தப்படும்போது இடையில் ஒரு பந்தி நீக்கப்பட்டாலோ புதிய குறிப்பொன்று செருகப்பட்டாலோ, ‘மேலது’ வேறொரு நூலைச் சுட்டத் தொடங்கிவிடுகிறது. வாசகர் அந்நூலின் அப்பக்கத்தைப் புரட்டி ஏமாறுவார். கட்டுரையை இதழுக்கு அனுப்பும்வரை ஒவ்வொரு குறிப்பிலும் ஆசிரியர் பெயரையும் நூலின் சுருக்கப் பெயரையும் எழுதிவைத்து, இறுதிப் படியிலேயே தேவையாயின் சுருக்குவது பாதுகாப்பான வழியாகும்.

இப்பொழுது கணினி மென்பொருள்கள் பட்டியலைத் தாமே ஒழுங்குபடுத்தித் தருகின்றன. 2006இல் வெளிவந்த ஸொட்டேரோ இலவசமாகவே கிடைக்கிறது. அதிற் பெயரை இரு கூறாகப் பிரிக்காது ஒரே கட்டத்தில் எழுதும் வசதியும் உண்டு. அவ்வசதியை அறியாமையாலேயே பல தமிழ்ப் பெயர்கள் தலைகீழாகின்றன. பொறி, தந்ததை ஒழுங்குபடுத்துமேயன்றி, தந்தது மெய்யா என்று அறியாது. கேட்டவுடன் கட்டுரை எழுதித்தரும் செயலிகளோ இதனினும் ஆபத்தானவை. இல்லாத நூலுக்கு இருக்கும் ஆசிரியரையும், இருக்கும் இதழுக்கு இல்லாத கட்டுரையையும், பக்க எண்ணோடு அவை புனைந்து தந்துவிடுகின்றன. வடிவம் பிழையின்றி இருக்கும், பொருள் இராது. வடிவத்தை மட்டுமே ஆய்வின் இலக்கணமாகப் பயிற்றியதன் விளைவு இங்கே முகங்காட்டுகிறது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு நூலையும் ஆய்வாளர் கையிலெடுத்துப் பார்த்தாரா என்ற கேள்விக்கு ஈடாக எந்த விதிக்கோவையும் இல்லை.

சாட்சியாய் எஞ்சும் குறிப்பு

மேல்நாட்டு விதிக்கோவைகள் யாவும் ஒன்றை எடுத்துக்கொண்டே தொடங்குகின்றன: மூலம் எங்கோ ஒரு நூலகத்தில் இருக்கிறது, குறிப்பு அதற்கு வழிகாட்டினாற் போதும். ஈழத்தில் எழுதுவோர் அவ்வாறு எடுத்துக்கொள்ள இயலாது. 1981 மே 31ஆம் நாளிரவு தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பர். ஓலைச்சுவடிகளும் அழிந்தவற்றுள் அடங்கும். அதே நாட்களில் ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டது. அதன்பின் போரும் இடப்பெயர்வும் வீட்டு நூலகங்கள் பலவற்றை விழுங்கின.

அழிந்தவற்றுள் உலகில் வேறெங்கும் படியில்லாத சிறு பிரசுரங்களும் இதழ்களும் இருந்தன. அவற்றை 1981இற்கு முன் பயன்படுத்திய ஆய்வாளரின் அடிக்குறிப்புக்களை இன்று பார்க்கும்போது இருவகை எழுத்தின் வேறுபாடும் பளிச்சிடுகிறது. ஆசிரியர், தலைப்பு, அச்சகம், ஊர், ஆண்டு, பக்கம் என யாவற்றையும் தந்தவர் நமக்கு ஒரு நூலின் இருப்பையும் அளவையும் விட்டுச் சென்றுள்ளார். வேறோரிடத்தில் அதன் படி கிடைத்தால் அடையாளங் காணலாம். “யாழ்ப்பாணத்துப் பழைய நூலொன்று” என்று எழுதியவர் அந்நூலைத் தீ எரிப்பதற்கு முன்னரே தொலைத்துவிட்டார். நம் சூழலில் அடிக்குறிப்பு சில வேளை ஒரு நூலின் ஈற்றுச் சாட்சி. அடியார்க்குநல்லார் செய்த உதவியை நாமும் பின்வருவோர்க்குச் செய்யக்கூடும், செய்யாமலும் விடக்கூடும்.

பத்திரிகைகளைச் சுட்டும்போது இக்கவனம் இரட்டிப்பாக வேண்டும். 1960களில் ஈழத்து இலக்கியத்தைக் குலுக்கிய மரபு, மண்வாசனை, பேச்சுவழக்கு முதலியன பற்றிய விவாதங்களிற் பெரும்பகுதி நூல்களில் நிகழவில்லை. பத்திரிகைகளிலும் சிற்றிதழ்களிலும் நிகழ்ந்தது. “தினகரன், 1962” என்ற குறிப்பு முந்நூற்றுக்கு மேற்பட்ட இதழ்களைச் சுட்டுகிறது. நாளும் பக்கமும் இல்லையேல் அது குறிப்பாகாது.

2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பேணி, ஆவணம் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து வருவது இழப்பின் நடுவே ஏற்பட்ட பேறாகும். ஆயின் திரையிற் படித்த நூலுக்கு அவ்வெண்ணை மட்டும் தந்து அச்சு விபரங்களை விட்டுவிடலாகாது. அச்சு விபரம் நூலுக்குரியது. எண் அப்படியினைப் பெற்ற வழிக்குரியது. இரண்டையும் தரவேண்டும்.

பாடியவர் யார்?

எழுத்தில் வந்தவற்றையே இதுவரை நோக்கினோம். 1952இற் பேராதனைக்கு வந்து ஹந்தானை மலையடியில் அமைந்த பல்கலைக்கழகத்தின் தமிழ் ஆய்வாளர்க்கு எழுதப்படாத மூலங்களும் அருகிலேயே உள. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் நாட்டுக்கூத்துக்களைப் பேராதனை மேடைக்குக் கொண்டுவந்தபோது கிராமத்து அண்ணாவிமாரின் அறிவு பல்கலைக்கழகத்தின் ஆய்வுப்பொருளாயிற்று. மலையகத் தோட்டங்களின் தாலாட்டும் ஒப்பாரியும் கொழுந்து பறிக்கும் பெண்களின் பாட்டும், சி. வி. வேலுப்பிள்ளை போன்றோரின் முயற்சியால் இலக்கியக் கவனம் பெற்றன.

இத்தகைய பாடல்களை மேற்கோள் காட்டும் கட்டுரைகளில் “நாட்டார் பாடல்” என்ற ஒரு சொல்லே பெரும்பாலும் சான்றாக நிற்கிறது. தொகுத்தவரின் பெயரேனும் சில இடங்களிற் கிடைக்கும். பாடியவர் பெயர், தோட்டம், நாள், எச்சூழலிற் பாடப்பட்டது என்பன கிடைப்பதில்லை. நூலாசிரியரின் முதலெழுத்தைக்கூட விடாது தரும் ஆய்வாளர், தாம் நேரிற் சென்று கேட்ட பெண்ணின் பெயரை ஏன் விட்டுவிடுகிறார்? எழுத்தறிந்தவர்க்கே ஆசிரியத் தகுதி உண்டு என்ற எண்ணம் இங்கே சொல்லாமலே இயங்குகிறது. ஹந்தானையிற் பழைய தேயிலை யந்திரங்களுக்கு ஓர் அரும்பொருளகம் உண்டு. அம்மலைகளில் உழைத்த பெண்களின் பாட்டுக்கு ஓர் ஒழுங்கான அடிக்குறிப்பேனும் வேண்டாமா?

பாடியவர் தம் பெயர் வெளிவருவதை விரும்பாதிருக்கலாம். அவ்வாறாயின் அவர் இசைவின்மையைக் குறித்து, தோட்டத்தையும் நாளையும் ஒலிப்பதிவு பேணப்படும் இடத்தையும் தந்தாற் போதும். கேட்டு அறிந்து விடுவது வேறு. கேளாமலே விடுவது வேறு.

செய்யத்தக்கவை

ஆய்விதழுக்குக் கட்டுரை ஆயத்தஞ் செய்வோர் பின்வருவனவற்றை மனங்கொள்ளுதல் நன்று. முதலாவதாக, அவ்விதழ் வேண்டும் வடிவம் எதுவாயினும் அதனைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே சீராகக் கையாளவேண்டும். இரண்டாவதாக, தமிழ்ப் பெயரைத் தமிழர் எழுதும் முறையிலேயே முதலெழுத்தோடு தருவதும், நிரற்படுத்தும்போது இயற்பெயரை முன்னிறுத்தி முதலெழுத்தைக் காற்புள்ளிக்குப்பின் வைப்பதும் குழப்பத்தைத் தவிர்க்கும். மூன்றாவதாக, பழநூலாயின் பதிப்பாசிரியர், உரையாசிரியர், பதிப்பு, ஆண்டு ஆகியவை இன்றியமையாதவை. நான்காவதாக, நேரிற் பார்த்தது எது, பிறர்வழி அறிந்தது எது என்பதை மறைக்கலாகாது. ஐந்தாவதாக, கட்டுரையினுட் சுட்டியவை யாவும் பட்டியலில் உளவா, பட்டியலில் உள்ளவை யாவும் கட்டுரையினுட் பயன்பட்டனவா என இருவழியும் ஒப்புநோக்கவேண்டும். படியாத நூல்களைப் பட்டியலிற் சேர்த்துப் பக்கத்தைப் பெருக்குவதும் பொய்ச்சாட்சியே.

பொறுப்பு ஆசிரியர் மேல் மட்டும் இல்லை. தமிழ் ஆய்விதழ்களை வெளியிடும் துறைகளும் மன்றங்களும் தமிழ்ப் பெயர், உரை, ஏடு, வாய்மொழி ஆகியவற்றுக்கு ஏற்ற பொதுவிதிகளைக் கூடி வகுத்தல் வேண்டும். ஆங்கில விதிக்கோவையை மொழிபெயர்த்தால் அது நிறைவேறாது. நமது மூலங்களின் இயல்பை ஆராய்ந்தே அதனைச் செய்யவேண்டும். மாணவரின் ஆய்வேட்டைப் பரிசோதிக்கும் விரிவுரையாளர் காற்புள்ளியைத் திருத்துவதோடு நில்லாது, பத்துக் குறிப்புக்களையேனும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கத்தை மேற்கொண்டால் பாதிக் குறை தானே நீங்கும்.

உசாத்துணை என்ற சொல் பொருள் நிறைந்தது. ஐயம் நேரும்போது உசாவுதற்குத் துணையாய் உடன்நிற்பவரை அது குறிக்கும். துணைநின்றவரைப் பெயர்சொல்லி அழைப்பது அடிப்படை நன்றி. பின்வரும் ஒருவர் அதே துணையை நாடிச் செல்வதற்கு வழியைத் திறந்துவைப்பது அறிவுலகக் கடமை. இவ்விரண்டையும் நிறைவேற்றும் அடிக்குறிப்பு எவ்வடிவில் இருந்தாலும் அது நற்குறிப்பே. நிறைவேற்றாதது, எந்த நாட்டு விதிக்கோவைக்கு அமைந்திருந்தாலும், வெறும் மையே.